சொல்வதற்கு ஏதேனும் உண்டா

இரவு பத்தே முக்காலுக்கு அழைப்பு மணி.
சேலைமேல் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு
முன்னறை விளக்கைப் போட்டேன்.
காங்கேயத்து எண்ணெய் மில்களின் கொப்பரை வாசம்
ஆய்வாளருக்கு முன்னால் உள்ளே வந்துவிட்டது.

துளசிமணி, வயது நாற்பத்தொன்று,
பனியன் கம்பெனியில் செக்கிங்.
குற்றம்: கிராம சபைக் கூட்டத்தில்
அதிகாரிகளின் மேசைமீது
ஏழு பாட்டில் தண்ணீரை வரிசையாக வைத்து
உரக்கப் பேசியது.
பேசியதை எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள்:

திங்கள் நீலம். செவ்வாய் கருநீலம்.
புதன் மருதாணி.
வியாழன் மறுபடி நீலம், நுரையோடு.
வெள்ளி கறுப்பு, ஏதோ அவசர ஆர்டர்.
சனி ரோசாப்பூ.
ஞாயிறு சாயப்பட்டறைக்கு லீவு,
அன்னிக்கு நம்ம கெணத்துக்கும் லீவு.

கூட்டம் சிரித்ததாம்.
அதைத்தான் மூன்றாம் பத்தியில்
பொது அமைதிக்குப் பங்கம் என்று
தட்டச்சு செய்திருந்தது.

பாட்டில்களும் வந்திருந்தன, அரக்கு முத்திரையோடு.
ஒவ்வொன்றாக என் டீப்பாயில் எடுத்து வைத்தார்.
என் வீட்டில் அவ்வளவு நிறம் இருந்ததில்லை.

பதினைந்து நாள் காவல் கேட்டார்கள்.

ஆயிரம் முறை கேட்ட கேள்வி,
வாய் தானாகக் கேட்கும்:
சொல்வதற்கு ஏதேனும் உண்டா?

அவள் ஆய்வாளரைப் பார்த்தாள். பாட்டில்களைப் பார்த்தாள்.
“சொன்னதுக்குத்தானுங்களே கூட்டியாந்திருக்கறாங்க.”

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.
ஒன்பது வருடம் முன்பு, பவானியில்,
கூலி உயர்வு கேட்டு நோட்டீஸ் ஒட்டிய பையன் ஒருவனிடம்
இதே கேள்வியைக் கேட்டேன்.
“இருக்குங்க” என்றான்.
அதற்குள் கையெழுத்துப் போட்டிருந்தேன்.
அவன் பேர் மறந்துவிட்டது.
அன்று பேனா கசிந்து விரல் கறையானது
மறக்கவில்லை.

இந்த முறை உத்தரவைக் கையாலேயே எழுதினேன்.
பிடித்ததைப் பேச யாருக்கும் உரிமை தேவைப்படுவதில்லை,
பிடிக்காததற்குத்தான் அதை எழுதி வைத்தார்கள்.
கொரங்காட்டுக் கிளுவை வேலி
ஆட்டை நிறுத்தும், காற்றை நிறுத்தாது.
சட்டத்துக்கும் அவ்வளவு முள் போதும்.

வாசித்துப் பார்த்து அடித்துவிட்டேன்.
உத்தரவில் உவமை கூடாது,
மேல்நீதிமன்றம் சிரிக்கும்.
அடித்தது போக மிஞ்சியது ஒரு வரி:
காவலில் வைக்க முகாந்திரம் இல்லை.

ஆய்வாளர் கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார்,
“எல்லாரும் இப்படிப் பாட்டிலத் தூக்கிட்டு வந்துட்டா, மேடம்?”
வந்தால் பெரிய மேசையாகப் போடுங்கள் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
நீதிபதிக்குப் பேச்சுரிமை கொஞ்சம் குறைவு.

அவள் வாசல்வரை போய்த் திரும்பினாள்.
“பாட்டலுக வேணுமுங்க, தண்ணியக் கொட்டிட்டுக் குடுத்தாலுஞ் சரி.”
சான்றுப் பொருள், தர முடியாது என்றேன்.
“சரி உடுங்க. விடிஞ்சாத் திங்கக்கெழம.
மொதல்ல இருந்து புடிச்சுக்கறேன்.”

பத்து நாள் கழித்து நீதிமன்றச் சுவரில்
ஆள் உயரத்துக்கு ஒரு வரி:
இது நிதிமன்றம்.
நெடிலை மறந்தார்களா,
வேண்டுமென்றே விட்டார்களா, தெரியவில்லை.
எழுதியது பட்டறைக்காரர்களா,
இன்னொரு வழக்கில் என்னிடம் தோற்றவர்களா,
அதுவும் தெரியவில்லை.
நீலத்தை மட்டும் தெரிந்தது.
டீப்பாயில் முதலாவதாக நின்ற நீலம்.

அன்று மதியம் சோறு இறங்கவில்லை.
இருபது வருட வேலை,
வீட்டு வாடகைப் படிக்குக்கூட ரசீது வைத்திருப்பவள் நான்.
எழுதியவன் கையை ஒருமுறை
மனசுக்குள் விலங்கிட்டுப் பார்த்தேன்.
அளவாகத்தான் பொருந்தியது.

பெஞ்ச் கிளார்க் குழந்தைசாமி வந்து நின்றார்.
“அவமதிப்புன்னு எடுத்துரலாமுங்களா?
இல்ல, வெள்ளையடிச்சரட்டுங்களா?”

மழை அழிக்கட்டும் என்றேன்.

இந்தப் பக்கம் மழை குறைவு.
தெரிந்துதான் சொன்னேன்.